முள்ளெடுத்த கை

மீன் குழம்பு வைத்த நாளில் அம்மா தன் தட்டின் ஓரத்தில் ஓர் உருண்டை வெறுஞ்சோறு வைத்துக்கொண்டுதான் சாப்பிட உட்காருவாள். குழம்பு படாத சோறு. நெல்லிக்காய் அளவு, அழுத்திப் பிடித்தது. அது அவள் சாப்பிட அல்ல. நாங்கள் நாலு பிள்ளைகள். யாராவது ஒருவர் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கண்ணை அகல விரித்தால் கேள்வியே கிடையாது, உருண்டை எங்கள் வாய்க்கு வந்துவிடும். “மெல்லாத. அப்படியே முழுங்கு.” முள் இறங்கிவிடும். இன்றைக்குத் தொண்டை மருத்துவர்கள் இப்படிச் செய்யவே கூடாது, முள் இன்னும் ஆழமாகக் குத்திக்கொள்ளும் என்கிறார்கள். 1970-களின் மேற்குத் தாம்பரத்தில் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அந்த உருண்டை ஒன்றுதான்.

பெரும்பாலும் அது மிஞ்சிப்போகும். ஏனென்றால் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிக்கும் வயதிலேயே எங்களுக்கு முள் எடுக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். வறுத்த மீனைப் படுக்க வைக்க வேண்டும். முதுகுத் துடுப்பையும் அதோடு ஒட்டி வரும் சின்ன முள் வரிசையையும் முதலில் உருவிவிட வேண்டும். அடுத்தது வயிற்றோரம். அங்கேதான் மயிரிழை போன்ற முட்கள் கிடக்கும், அவசரக்காரர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான். பிறகு வால் பக்கமிருந்து கட்டைவிரல் நகத்தால் நடுக்கோட்டில் ஒரு கீறல். மேல்சதையை முதுகுப் பக்கம் பாதி, வயிற்றுப் பக்கம் பாதியாக ஒதுக்கினால் நடுமுள் ஏணி மாதிரி தெரியும். வாலைப் பிடித்து மெதுவாகத் தூக்கினால் தலையோடு சேர்ந்து மொத்தமும் எழுந்து வரும். தட்டில் படிந்திருக்கும் அடிச்சதையில் முள்ளே இருக்காது. அந்தச் சதைக்கு இருந்த ருசி, உரித்துத் தந்த எந்தச் சதைக்கும் எனக்கு இருந்ததில்லை.

நாங்கள் அப்படி முள்ளெடுத்துப் பழகிய மீன், இன்று எல்லோரும் சொல்கிற மத்தி இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அன்றைக்குச் சென்னைக் கூடைகளில் வந்தது கவலை. மத்தியின் உறவுக்காரன்தான், உருவம் கொஞ்சம் சின்னது, கொழுப்பு குறைச்சல், முள் கூடுதல். நாகை, இராமநாதபுரம் பக்கம் சூடை என்பார்கள். தூத்துக்குடி, கன்னியாகுமரி போனால் இந்த வகை எல்லாவற்றுக்கும் சாளை என்றே பெயர். ஆங்கிலத்தில் மொத்தமாகச் சார்டின் என்று சொல்லிவிட்டுப் போகிற ஒரு கூட்டத்துக்கு நம் கரையில் நாற்பது மைலுக்கு ஒரு பெயர் இருந்தது. உண்மையான மத்தி, கேரளத்தார் நெய்மத்தி என்கிற அந்தக் கொழுத்த மீன், அன்று மேற்குக் கடலின் சொத்து. 1985 வாக்கு வரைக்கும் இந்தியாவில் பிடிபட்ட நெய்மத்தி கிட்டத்தட்ட முழுவதும் மலபார்ப் பக்கத்துக் கரையில்தான் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் அது குமரிமுனையைச் சுற்றிக்கொண்டு சோழமண்டலக் கரையில் ஏறி வந்தது. கடல்நீர் சூடேறியதும் அதற்கு ஒரு காரணம் என்று மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் தாம்பரத்தில் வீடு மாறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் மத்தியும் கடல் மாறிக்கொண்டிருந்திருக்கிறது. இதைப் பிற்பாடு தெரிந்துகொண்டபோது எனக்கு ஏனோ அந்த மீன்மேல் இன்னும் கொஞ்சம் ஒட்டுதல் வந்தது.

மீன் எங்கள் தெருவுக்கு ரயிலில் வந்தது. 1931-இலிருந்து கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் மின்சார ரயில் ஓடுகிறது. விடியற்காலையில் காசிமேட்டில் மீன் எடுத்து, கூடையோடு ரயிலேறி, எட்டு எட்டரை மணிக்குத் தாம்பரத்தில் இறங்குகிற மீன்காரம்மா ஒருவர் எங்களுக்கு வாடிக்கை. கூடைமேல் ஈரச்சாக்கு. சும்மாட்டுத் துணியிலிருந்து தண்ணீர் வழிந்து கழுத்தில் இறங்கும். கோவளத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களும் உண்டு, அவர்களிடம் கிழங்காவும் நண்டும் நன்றாக இருக்கும் என்பாள் அம்மா. மீன்காரம்மா கூடையை இறக்கி வைக்கும்போதே எந்த வீட்டுக்கு என்ன என்று முடிவு செய்துவிட்டிருப்பார். அப்பாவுக்குத் தலை பிடிக்கும், சங்கராத் தலையோ கொடுவாத் தலையோ குழம்பில் கிடக்க வேண்டும். அண்ணனுக்கு வறுவல் தவிர வேறு எதுவும் இறங்காது. ஆயாவுக்குக் கருவாடுதான் உயிர். நெத்திலிக் கருவாடும் கத்திரிக்காயும் இருந்தால் மூன்று வேளையும் அதுவே போதும். எனக்குச் சினை. “பாப்பாக்கு செனை கவல எடுத்து வச்சிருக்கேன்மா, இன்னிக்கு நெறைய வந்துச்சி” என்று கூறு கட்டுவார். எடைக்கல் கிடையாது, கூறுதான். அம்மா செவுளைத் தூக்கிச் சிவப்பு பார்ப்பாள். மீன்காரம்மாவுக்கு அதில் கோபம் வந்ததில்லை. பார்க்காமல் வாங்குகிறவர்களைத்தான் அவருக்குப் பிடிக்காது.

ஒரு குடும்பத்தில் ஏழு பேருக்கு ஏழு நாக்கு என்பதைத் தெருவில் வந்து விற்கிற ஒருவர் மனதில் வைத்திருந்தார். இன்று என் கைப்பேசியிலுள்ள செயலிக்கும் நான் போன வாரம் வாங்கியது என்ன என்று தெரியும். ஆனால் அதற்கு என் வீட்டில் யார் எந்தத் துண்டைத் தின்றார்கள் என்று தெரியாது.

ரயில்வே குடியிருப்பில் எங்களுக்கு அடுத்த வீடு பாலக்காட்டுப் பக்கம். மத்தி என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அந்த வீட்டுச் சேச்சியிடம்தான். ஊரிலிருந்து குடம்புளி வரும். அதைப் போட்டு மண்சட்டியில் கவலையை வைத்துவிட்டு, “மத்தியாணெங்கில் இதினேக்காள் நன்னாயேனே” என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார்கள். கூடவே மரவள்ளிக்கிழங்கு. எங்கள் வீட்டுக் குழம்பில் புளியும் மாங்காயும் போகும் இடத்தில் அவர்கள் குடம்புளியைப் போட்டார்கள், மீன் நாற்றம் அடங்கிப் புகைவாசம் ஏறியது. அம்மா ஒரு வருஷம் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டாம் வருஷம் நாலு சுளை கடன் வாங்கிவிட்டாள்.

டின் மீன் எங்களிடம் வந்தது வேறு வழியில்.

அதே ரயிலின் மறுமுனையில், கடற்கரை நிலையத்துக்கு எதிரே, பர்மா பஜார் இருந்தது. பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் பிழைக்க 1969-இல் உருவான கடைவரிசை. டேப் ரெக்கார்டர், குடை, சென்ட்டு பாட்டில் நடுவே டின்களும் இருக்கும். எங்கள் வீட்டுக்கு முதல் டின் அங்கிருந்து வரவில்லை, சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தார். சிவப்புக் காகிதம் சுற்றிய டின், மேலே சேவல் படம். மீன் டின்மேல் எதற்குச் சேவல் என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டோம். அது அயாம் பிராண்ட். மலாயில் அயாம் என்றால் கோழி. 1892-இல் சிங்கப்பூரில் ஆல்ஃப்ரெட் க்ளூவே என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியது. மலேயாவிலும் சிங்கப்பூரிலும் நம் ஆட்கள் பல தலைமுறையாய்ச் சோற்றுக்கும் ரொட்டிக்கும் தொட்டுக்கொண்ட டின் இது என்று சித்தப்பா சொன்னார்.

திறக்கத் தெரியவில்லை. டின் வெட்டி வீட்டில் கிடையாது. அப்பா தான் வேலை பார்த்த ரயில்வே கார் ஷெட்டிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த உளியும் சுத்தியும் எடுத்து முற்றத்தில் உட்கார்ந்தார். முதல் அடியில் தக்காளிச் சாறு தெறித்துச் சட்டை நனைந்தது. உள்ளே தலையில்லாத மீன்கள், குழந்தைகள் ஒரே பாயில் படுத்திருப்பது போல ஒன்றின் வாலுக்கு இன்னொன்றின் கழுத்து. அம்மா மூக்கைச் சுளித்தாள். அந்தச் சாற்றை வடித்து ஊற்றிவிட்டு, சின்ன வெங்காயம், பூண்டு, புளிக்கரைசல் என்று தன் வழியில் குழம்பைக் கூட்டி, கொதித்த பிறகு மீனைப் போட்டு உடனே இறக்கினாள்.

சாப்பிட உட்கார்ந்தோம். பழக்கத்தில் நடுக்கோட்டில் நகத்தை வைத்தேன். முள் வரவில்லை. விரலுக்கிடையில் நசுங்கிச் சுண்ணாம்பு மாதிரி பொடிந்தது. தம்பி முதலில் கண்டுபிடித்தான்: “ம்மா, முள்ளைத் திங்கலாம்மா!” அம்மா நம்பவில்லை. ஒரு நடுமுள்ளை எடுத்துக் கடைவாயில் வைத்து மென்று பார்த்தாள். மென்றுகொண்டே தட்டின் ஓரத்திலிருந்த உருண்டையைப் பிரித்துக் குழம்பில் பிசைந்தாள். அதற்கு முன்பும் பின்பும் அம்மா அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

முள் ஏன் கரைந்தது என்பது வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. மீனை டின்னில் அடைத்து, காற்றுப் போகாமல் மூடி, அதற்குப் பிறகுதான் வேகவைக்கிறார்கள். அழுத்தமுள்ள பெரிய கொப்பரையில், 115-லிருந்து 121 டிகிரி வரை சூட்டில், நெடுநேரம். கொடிய நஞ்சை உண்டாக்கும் பாட்டுலினம் என்ற நுண்ணுயிரின் வித்துகள் சாதாரணக் கொதிநிலையில் சாகாது என்பதால்தான் அவ்வளவு சூடு. அந்தச் சூட்டில் முள்ளைப் பிடித்து வைத்திருக்கும் பசை உருகிவிடுகிறது, சுண்ணாம்பு மட்டும் மிஞ்சுகிறது. முள்ளோடு தின்கிற டின் சார்டினில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 380 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அதே அளவு பாலில் இருப்பதைப் போல மூன்று மடங்கு. பிரான்சில் நிக்கோலா அப்பேர் இந்த அடைத்து வேகவைக்கும் முறையை 1810-இல் புத்தகமாகப் போட்டார். அவர் கண்ணாடிக் குப்பியில் செய்தார், தகர டப்பா இங்கிலாந்தில் வந்தது. சார்டினை டப்பாவில் அடைத்து ஊருக்கெல்லாம் விற்றது பிரான்சின் நாந்த் நகரம்.

நம் மாகாணமும் சும்மா இருக்கவில்லை. சென்னை மாகாண மீன்வளத் துறை 1907-இல் தொடங்கியபோது அதற்குத் தலைமை ஏற்றவர் சர் ஃபிரெடரிக் நிக்கல்சன். விவசாயிகளுக்குக் கூட்டுறவுக் கடன் சங்கம் வேண்டும் என்று அறிக்கை எழுதிய அதே நிக்கல்சன்தான். மத்தியைக் காய்ச்சி எண்ணெய் எடுப்பதையும் எச்சத்தை உரமாக்குவதையும் மலபார்க் கரையில் பரப்பினார். பேப்பூருக்குப் பக்கத்தில் சாலியத்தில் அரசே ஒரு டின் மீன் ஆலை நடத்தி மத்தியை எண்ணெயில் அடைத்துப் பார்த்தது. ஆனால் கரையில் இருக்கிறவனுக்கு டின் எதற்கு? தகரம் கப்பலில் வர வேண்டும், மீனைவிட டப்பாவுக்கு விலை அதிகம். நம்மிடம் ஏற்கெனவே உப்பும் வெயிலும் இருந்தன. நெத்திலி, வாளை, சுறா, சென்னாக்குன்னி என்று எல்லாவற்றையும் கருவாடாக்கி வைத்திருந்தோம். மாலத்தீவு மாசி நம் கரைக்கு வந்து பல நூறு ஆண்டுகள் ஆகின்றன. பிற்காலத்தில் 1969-இல் லட்சத்தீவின் மினிக்காயில் சூரை மீனை டின்னில் அடைக்கும் ஆலை வந்தது, அதுவும் நம் பக்கத்துச் சமையலறையை எட்டவில்லை. நம்மூர் ஆயாக்களுக்கு மீனைக் காக்கும் வித்தை தெரிந்திருந்தது. அதில் முள் கரையாது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

டின் மீனை ருசியாகச் சமைக்க எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் ஈழத்துக்காரர்கள். 1983 ஜூலைக்குப் பிறகு எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று வாடகைக்கு வந்தது. அந்த வீட்டு அக்கா ‘ரின் மீன்’ என்றுதான் எழுதுவார், உச்சரிப்பது டின் என்றே. ஊரில் எந்த டின் மீனையும் சமன் என்றே சொல்லுவினம் என்றார். ஆங்கிலேயர் காலத்தில் வந்த சால்மன் டின்னின் பெயர் எல்லா டின்னுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் அம்மா கழுவிக் கொட்டியதை அவர் கொட்டவில்லை. மீனை உதிர்த்து, அவித்த உருளைக்கிழங்கு, வெங்காயம், மிளகு, தேசிக்காய்ப் புளி சேர்த்து உருட்டி, முட்டையில் தோய்த்து ரஸ்க் தூளில் புரட்டிப் பொரித்தார். “முள்ளை எடுக்காதேங்கோ, அதிலதான் ருசி கிடக்கு” என்றார். அந்த கட்லட்டை அண்ணன் ஏழு தின்றான். அந்த அக்காவுக்கு டின் மீன் ஊர் ஞாபகமாக இருந்தது. வசதியான நாளில் மாலை நேரத்துக்கு கட்லட், கையில் காசில்லாத நாளில் ஒரு டின் திறந்து சொதியோடு ஒப்பேற்றல். பிறகு அவர்கள் கனடாவுக்குப் போய்விட்டார்கள். டொரன்டோவில் பத்துத் தெருவுக்கு ஒரு தமிழ்க்கடை இருக்கிறதாம், அங்கேயும் அடுக்கில் டின் மீன் உண்டாம்.

இடையில் ஒரு காலம் மத்தி எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அப்பா ஓய்வுபெற்றதும் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு வாடகைக்கு அலைந்தோம். குரோம்பேட்டை, சேலையூர், சிட்லபாக்கம். வீட்டுக்காரர் முதல் கேள்வியே “நான்வெஜ் சமைப்பீங்களா?” பொய் சொல்லித்தான் ஒரு வீட்டில் குடிபோனோம். வஞ்சிரம் வறுத்தால் வாசம் அடுப்படியோடு நிற்கும். கவலையும் மத்தியும் அப்படி அல்ல, அவற்றின் எண்ணெய் புகைந்தால் மாடிப்படி வரைக்கும் தெரிந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜன்னல்களையெல்லாம் சாத்தி, வாசலில் சாம்பிராணி போட்டு, அம்மா மத்தி வறுத்தாள். மறு மாதமே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அம்மா அழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆறேழு வருஷம் எங்கள் வீட்டில் மத்தி வரவில்லை. சங்கராவும் வஞ்சிரமும் வந்தன, கௌரவமான மீன்கள். ஒரு மனிதர் நாக்குக்குப் பிடித்ததைத் தன் சொந்த அடுப்பில் பயந்து பயந்து சமைப்பதைவிட அவமானம் என்ன இருக்கிறது? தாம்பரம் மாநகராட்சியாகி விட்டது, 2021-இல். வாடகை விளம்பரங்களில் அந்தக் கேள்வி இன்னும் இருக்கிறது.

இப்போது நான் மாடம்பாக்கம் பக்கம் அடுக்ககத்தில் இருக்கிறேன். இன்று மத்திக்கு வந்திருக்கும் மரியாதையைப் பார்த்தால் அம்மா நம்பமாட்டாள். ரத்தக் குழாய்க்கு நல்லது, ஒமேகா-3 நிறைய, சின்ன மீன் என்பதால் பாதரசம் குறைவு என்று மருத்துவரே சீட்டில் எழுதுகிறார். காலையில் நடக்கிற தோழிகள் “மத்தி எங்க ஃப்ரெஷ்ஷா கெடைக்கும்?” என்று என்னைக் கேட்கிறார்கள். கூறு போய்க் கிலோ வந்துவிட்டது. சூப்பர் மார்க்கெட்டில் சூரை டின்னும் மத்தி டின்னும் நூடுல்ஸுக்குப் பக்கத்தில் நிற்கின்றன. இழுத்தால் திறக்கும் வளையம், உளி வேண்டாம். போர்ச்சுகலில் பிறந்த வருஷம் அச்சிட்ட சார்டின் டின்னைப் பரிசாகத் தருகிறார்களாம், லிஸ்பனுக்குப் போய்வந்த மருமகன் 1962 போட்ட ஒன்றை எனக்குக் கொண்டுவந்தார். வருஷம் மட்டும்தான் பழையது, மீன் புதியது. நன்றாகவே இருந்தது.

ஆனால் முள்ளைத் தின்பார் இல்லை. ஹோட்டலில் ஃபிஷ் ஃபிங்கர் என்று வருவது பெரும்பாலும் பாசா, குளத்தில் வளர்கிற கெளுத்தி இனம், கத்தி வைத்தால் முள்ளில்லாத பலகையாக வரும். குழந்தைகளுக்கு மீன் என்றாலே அந்த வெள்ளைப் பலகைதான். இறால் என்றால் வன்னாமை. பசிபிக் கடல் இனம், 2009-இல் அனுமதி கிடைத்த பிறகு நம் பண்ணைகளையெல்லாம் பிடித்துக்கொண்டது. உரித்து, நரம்பு நீக்கி, பையில் வருகிறது. ‘இந்தியன் சால்மன்’ என்று செயலியில் ஒன்று விற்கிறார்கள். அது நம் காலா மீன், சால்மனுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தன் பெயரில் வந்தால் வாங்கமாட்டார்கள் என்று காலாவுக்கு இன்னொரு சட்டை மாட்டியிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எங்கள் பக்கத்து ஏரி மீனைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. சித்திரையில் ஏரி வற்றும்போது சேற்றில் விரால் பிடித்துக் கொடியில் கோத்துத் தெருவில் விற்பார்கள். ஆரால், உளுவை எல்லாம் கிடைக்கும். இப்போது அந்த ஏரிகளில் எத்தனையில் சாக்கடை கலக்கிறது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அதில் பிடித்த ஜிலேபிக் கெண்டையை நான் வாங்குவதில்லை.

கடல்மீனுக்கு இன்றும் ஒரு கணக்கு உண்டு, அது தெரிந்தால் ஏமாற மாட்டோம். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை, 61 நாள். அந்த நாட்களில் தாம்பரம் மார்க்கெட்டில் தெர்மாகோல் பெட்டியில் இருக்கும் மத்தி பெரும்பாலும் கேரளத்திலிருந்தும் மங்களூரிலிருந்தும் ராத்திரி லாரியில் வந்தது. அங்கே ஜூன், ஜூலை மாதங்களில் தடை விழும்போது நம் மீன் அந்தப் பக்கம் போகும். ஒரு கடல் ஓய்வெடுக்கும்போது இன்னொரு கடல் ஊட்டுகிறது. ஆனால் கடலும் எப்போதும் கொடுத்துவிடாது. கேரளத்தில் 2012-இல் 3.9 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021-இல் 3,297 டன். லட்சத்தைக் காணோம். அடுத்த சில ஆண்டுகளில் மீண்டும் லட்சம் டன்னைத் தாண்டியிருக்கிறது, நல்லது. ஆனாலும் விரல் நீளம்கூட இல்லாத குஞ்சு மத்தியைக் கடையில் பார்த்தால் நான் வாங்க மாட்டேன். கேரள அரசு பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக்கூடாது என்று சட்டம் வைத்திருக்கிறது. நாம் ஆளுக்கொரு சட்டமாக அதை வைத்துக்கொள்ளலாம்.

மார்க்கெட்டில் மீன் ஆய்ந்து தரத் தனி ஆட்கள் இருக்கிறார்கள். அரிவாள்மணைக்கு முன்னால் வரிசை. மயிலாப்பூர்க் கரையில் லூப் ரோடு ஓரம் 2024 ஆகஸ்டில் திறந்த புது மீன் அங்காடியில் 366 கடைகள், ஆய்ந்து தரத் தனி இடமே உண்டு. நான் மத்தியை ஆயக் கொடுப்பதில்லை. கொடுத்தால் தலையை ஒரே வெட்டில் எடுத்துச் சினையையும் குடலோடு தள்ளிவிடுகிறார்கள். வீட்டில் பழைய செய்தித்தாளை விரித்து, கத்தரிக்கோலால் துடுப்பை வெட்டி, வயிற்றை இரண்டு விரல் அகலம் மட்டும் கீறி, சினையைத் தனியே எடுத்து வைக்கிறேன். அரைக் கிலோவுக்கு அரை மணி ஆகும். செதில் முழங்கை வரை ஒட்டும். கல்லுப்பும் எலுமிச்சைத் தோலும் போட்டு நாலு தண்ணீர் அலசினால் வாடை போய்விடும்.

வேலைக்குப் போகும் மகளுக்கு முள்ளெடுத்துச் சாப்பிடப் பொறுமையில்லை. அவளுக்காக ஒரு வழி கண்டுபிடித்தேன், யாழ்ப்பாணத்து அக்காவின் ரின் மீன் ஞாபகத்தில். குக்கரில் நல்லெண்ணெய் விட்டு, தக்காளி, பூண்டு, மிளகாய்த்தூள், குடம்புளி இரண்டு சுளை, கொஞ்சம் தண்ணீர். மேலே மத்தியை டின்னில் இருப்பதைப் போலத் தலைவால் மாற்றி அடுக்கிவிடுவேன். முதல் விசில் வந்ததும் அடுப்பைச் சிறிதாக்கி முக்கால் மணி நேரம். குக்கருக்குள் சூடு 120 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும், டின் ஆலையில் நடப்பதேதான் அதற்குள்ளும் நடக்கிறது. நடுமுள் வெண்ணெய் போல ஆகிவிடும். இதை டின் மாதிரி அலமாரியில் வைக்கக் கூடாது, மூடி முத்திரையிட்டு வேகவைத்தது இல்லை இது. இரண்டு நாள் குளிர்பெட்டியில் இருக்கலாம், இரண்டாம் நாள்தான் ருசியே. மகள் தோசைக்குத் தொட்டுக்கொள்கிறாள். மருமகன் ரொட்டியில் பரப்பித் தின்கிறார். டின்னையோ குக்கர் மத்தியையோ நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். அவை முள்ளைத் தூர எறியவில்லை, தின்னத்தக்கதாக ஆக்கித் தருகின்றன. எனக்கு வழக்கு முள்ளே இல்லாத மீனோடுதான். முள் இல்லாத மீனில் வால் எது, வயிறு எது, சினை எங்கே இருந்தது, எதுவும் குழந்தைக்குத் தெரியாமல் போகிறது. கையால் எதையும் தேட வேண்டியதில்லாத சாப்பாடு அது.

பேத்திக்கு ஏழு வயது. பாசாப் பலகை தவிர வேறு மீன் தின்றதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நான் மத்தி ஆய்ந்துகொண்டிருந்தபோது வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். செவுளைத் தூக்கிக் காட்டினேன். “ஏன் ரெட்டா இருக்கு ஆயா?” என்றாள். சினையை விரலால் தொட்டுப் பார்த்தாள். அன்று குக்கரில் போடாமல் நாலு மீனை வறுத்தேன்.

தட்டில் மீனைப் படுக்க வைத்தேன். முதுகுத் துடுப்பை அவளே உருவினாள், பாதியில் அறுந்தது. வயிற்றோரத்தை நான் காட்டினேன், மயிரிழை முட்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் விளிம்பில் வரிசையாக வைத்தாள். நகத்தால் கீறச் சொன்னபோது நகம் வெட்டியிருந்ததால் முடியவில்லை, கரண்டிக் காம்பால் கீறினாள். மேல்சதை இரண்டாக ஒதுங்கியது. ஏணி தெரிந்தது. வாலைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். மெதுவா, என்றேன். தூக்கினாள். தலையருகே கொஞ்சம் சதை ஒட்டிக்கொண்டு வந்தது, மற்றபடி முழுசாக வந்துவிட்டது.

அவள் முதல் வாய் வைத்தபோதுதான் கவனித்தேன், என் தட்டின் ஓரத்தில் நெல்லிக்காய் அளவு வெறுஞ்சோறு உருட்டி வைத்திருந்தது. எப்போது உருட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. நாலு வாய், ஐந்து வாய். அவள் மென்றுகொண்டே இருந்தாள், கண் விரியவில்லை. இரண்டாவது மீனுக்குக் கை நீட்டினாள். உருண்டையைக் குழம்பில் தொட்டு நானே வாயில் போட்டுக்கொண்டேன்.